ஆன்ரி பெஸ்கரோலோ: லெ மானை 33 முறை ஓட்டியவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுநேரக் கார் பந்தயம் பற்றிப் பேச்சு வந்தால் பெஸ்கரோலோ பெயர் எப்படியும் வந்துவிடும். "33 முறை ஓட்டினார், நாலு முறை ஜெயித்தார்" என்று இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். எனக்கு அது போதாது. அவருடைய மிகச் சிறந்த ஓட்டம் எது என்று கேட்டால், அவர் ஜெயிக்காத ஒன்றைத்தான் சொல்வேன். எதற்காக அப்படிச் சொல்கிறேன் என்பது நாலாவது கேள்வியில் இருக்கிறது. பலரும் கேட்கும் மற்ற விஷயங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

1. ஆன்ரி பெஸ்கரோலோ யார்?

பிரான்ஸ் நாட்டுப் பந்தய ஓட்டுநர். 1942 செப்டம்பர் 25-ல் பாரிஸில் பிறந்தவர். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1966-ல் முதன்முறை ஓட்டினார், 1999-ல் கடைசி முறை. நடுவில் 1969 ஒரு வருடம் மட்டும்தான் இல்லை; அந்த வருடம் தீக்காயத்தோடு இருந்தார். ஆக மொத்தம் 33 முறை. வேறு எந்த ஓட்டுநரும் அத்தனை முறை ஓட்டியதில்லை. அவருக்கு அடுத்து இருப்பவர் இன்னொரு பிரெஞ்சுக்காரரான பாப் வோலெக், 30 முறை.

வெற்றி 1972, 1973, 1974, 1984 ஆகிய நாலு வருடங்களில். பழைய படங்களில் பச்சை ஹெல்மெட்டும் தாடியுமாக ஒருவர் நின்றால், அவர்தான். பிரெஞ்சு ரசிகர்கள் சுருக்கமாக 'பெஸ்கா' என்பார்கள்.

2. லெ மான் பந்தயத்தில் அப்படி என்ன விசேஷம்?

லெ மான் என்பது பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள ஒரு நகரம். 1923 முதல் அங்கே இந்தப் பந்தயம் நடக்கிறது. சனிக்கிழமை மதியம் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை ஓட வேண்டும். இத்தனை சுற்று என்று கணக்கு கிடையாது. 24 மணி நேரத்தில் யார் அதிக தூரம் ஓடினார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் ஊர்க்காரர்கள் வண்டி ஓட்டும் சாதாரண ரோடு.

அந்த ரோட்டில் உனோதியேர் என்ற நேர்பாதை கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நீளம். இன்று அதன் நடுவே வேகத்தைக் குறைக்க இரண்டு வளைவுகள் இருக்கின்றன. அவை 1990-ல்தான் வந்தன. பெஸ்கரோலோ ஓட்டிய காலத்தில் பெரும்பாலும் அது ஒரே கோடு. ஆக்சிலரேட்டரை மிதித்த கால் ஒரு நிமிடத்துக்கு அப்படியே இருக்கும்.

இன்று ஒரு காருக்கு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள். 60-களிலும் 70-களிலும் பெரும்பாலும் இரண்டே பேர். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் சாப்பிட்டு, உடை மாற்றி, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து வர வேண்டும்.

3. பந்தயத்துக்கு எப்படி வந்தார்?

டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார். 60-களின் நடுவில் பிரான்ஸில் இளைஞர்களைப் பந்தயத்துக்கு இழுக்க லோட்டஸ் செவன் கார்களை வைத்துப் போட்டி நடத்தினார்கள். அதில் ஓட்டியவர் அப்புறம் படிப்பின் பக்கம் திரும்பவே இல்லை. மாத்ரா நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1967-ல் பிரெஞ்சு பார்முலா த்ரீ சாம்பியன் ஆனார்.

மாத்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏவுகணையும் விமானத் தொழில்நுட்பமும்தான் அவர்கள் தொழில். நிறுவனத்தை நடத்திய ஜான்-லுக் லகார்தேருக்கு, ஒரு பிரெஞ்சுக் காரில் பிரெஞ்சு ஓட்டுநர்கள் லெ மானை ஜெயிக்க வேண்டும் என்ற பெரிய ஆசை. 1950-ல் லூயி ரோசியே டால்போ என்ற பிரெஞ்சுக் காரில் ஜெயித்த பிறகு எந்த பிரெஞ்சுக் காரும் அங்கே முதலில் வந்திருக்கவில்லை. மாத்ரா 3 லிட்டர், 12 சிலிண்டர் என்ஜின் ஒன்றைச் செய்தது. அந்த என்ஜினின் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். குழல் ஊதுவது போல உச்சஸ்தாயியில் நீண்டுகொண்டே போகும்.

4. 1968-ல் வைப்பர் இல்லாமல் ஓட்டினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவர் வாழ்க்கையில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகத் தெரிவது இந்த இரவுதான்.

அந்த வருடம் மே மாதம் பிரான்ஸ் முழுக்க மாணவர் கிளர்ச்சி, வேலைநிறுத்தம். ஜூனில் நடக்க வேண்டிய பந்தயம் செப்டம்பர் 28, 29-க்குத் தள்ளிப்போனது. ஜூனில் அந்த ஊரில் இருட்டு கொஞ்ச நேரம்தான். செப்டம்பர் கடைசியில் இரவு நீளம். அதோடு மழையும் பிடித்துக்கொண்டது.

பெஸ்கரோலோவும் ஜானி செர்வோஸ்-கவானும் ஓட்டிய மாத்ரா 630 கூரை மூடிய கார். திறந்த கார் என்றால் ஹெல்மெட் கண்ணாடியைக் கையால் துடைத்துக்கொண்டு ஓட்டலாம். மூடிய காரில் முன்கண்ணாடி வழியாகத்தான் உலகமே. அந்தக் கண்ணாடியின் வைப்பர் நின்றுபோனது, சரிசெய்யவும் முடியவில்லை. இருட்டில், கொட்டும் மழையில் ஓட்டிப் பார்த்த செர்வோஸ்-கவான் பிட்டுக்கு, அதாவது கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடத்துக்கு வந்து, இனி முடியாது என்று இறங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புத்தியுள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள்.

அணி காரை ஒதுக்கிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த பெஸ்கரோலோவை எழுப்பி விஷயத்தைச் சொன்னார்கள். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தார்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கண்ணாடி முழுக்கத் தண்ணீர். முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு ஒரு புள்ளியாக இல்லாமல் கண்ணாடி முழுவதும் பரவிக் கலங்கித் தெரியும். நேர்பாதையில் வேகமாகப் போனால் காற்றே கொஞ்சம் தண்ணீரை ஓரம் தள்ளும். வளைவுக்காக வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் அப்படியே நிற்கும். அதாவது, நன்றாகப் பார்க்க வேண்டிய இடத்தில்தான் எதுவும் தெரியாது. முர்சான், இந்தியானாபொலிஸ், ஆர்னாஜ் என்று ஒவ்வொரு வளைவும் எங்கே வரும், எப்போது பிரேக் போட வேண்டும் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தால் ஒழிய முடியாத காரியம். அப்படி ஒரு சுற்று இல்லை, இரவு முழுவதும் சுற்று மேல் சுற்று. விடிந்து பார்த்தால் கார் இரண்டாவது இடத்தில்.

ஞாயிறு பகலில், முடிய இன்னும் சில மணி நேரமே இருந்தபோது டயர் பஞ்சராகி, அது தீயில் போய் முடிந்தது. கார் நின்றது. பெத்ரோ ரோட்ரிகஸும் லூசியன் பியான்கியும் போர்டு ஜிடி40-ல் ஜெயித்தார்கள். முடிவுப் பட்டியலில் பெஸ்கரோலோவின் காருக்கு எதிரே இருப்பது 'விலகல்' மட்டும்தான். ஆனால் பிரான்ஸ் முழுக்க அவர் பெயர் தெரிந்தது அந்த இரவால்தான். நாலு கோப்பைகளையும் ஒரு தட்டில் வைத்து இந்த இரவை மறு தட்டில் வைத்தால், என் கணக்கில் தராசு இந்தப் பக்கம்தான் சாயும்.

5. எப்போதும் தாடியோடு இருப்பது ஏன்?

முகத்தில் தீக்காயம். 1969 ஏப்ரலில் மாத்ரா 640 என்ற புதுக் காரைச் சோதித்துப் பார்க்க உனோதியேர் ரோட்டைக் காலையில் அடைத்துக் கொடுத்தார்கள். காற்று தடுக்காமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காகவே வடிவமைத்த கார். காற்றைக் கிழித்துக்கொண்டு போனதே ஒழிய, தரையில் அழுந்தி நிற்கவில்லை. அந்த வேகத்தில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பறந்து, மரங்களில் மோதி எரிந்தது. அவருக்கு முகத்திலும் உடம்பிலும் கடுமையான தீக்காயம், முதுகெலும்பிலும் முறிவு. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்புதான், முந்தைய வருடம் ஜெயித்த அதே லூசியன் பியான்கி அதே பாதையில் சோதனை ஓட்டத்தில் இறந்திருந்தார்.

அந்த வருட ஆகஸ்டில், விபத்து நடந்து நாலு மாதம்கூட ஆகாத நிலையில், பெஸ்கரோலோ ஜெர்மன் கிராண்ட் பிரி என்ற பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். இடம் நூர்பர்க்ரிங், ஒரு சுற்றே 22 கிலோமீட்டருக்கு மேல். அதை விட ஒரு படி கீழான பார்முலா டூ காரில் போய், மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். பார்முலா டூ கார்களில் முதல் இடம்.

6. 1972-ல் முதல் வெற்றி எப்படிக் கிடைத்தது?

மாத்ரா அந்த வருடம் நாலு கார்களை இறக்கியது. பெராரி வரவில்லை. பந்தயத்தைத் தொடங்கி வைத்தவர் ஜனாதிபதி போம்பிதூ. பெல்த்வாசும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய மாத்ராவின் என்ஜின் இரண்டாவது சுற்றிலேயே போய்விட்டது. அணிக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

பெஸ்கரோலோவுக்குக் கிடைத்த ஜோடி கிரகாம் ஹில். இரண்டு முறை பார்முலா ஒன் சாம்பியன், அமெரிக்காவின் பெரிய பந்தயமான இந்தியானாபொலிஸ் 500 ஜெயித்தவர், அப்போது வயது 43. பெஸ்கரோலோவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. இவ்வளவு பார்த்துவிட்ட மனிதர் ராத்திரி மழையில் உயிரைக் கொடுத்து ஓட்டுவாரா என்ற சந்தேகம். அதைப் பிற்காலத்தில் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார், நினைத்தது தப்பு என்றும் சேர்த்து. இருட்டிலும் ஈரத்திலும் ஹில் ஓட்டிய ஓட்டம் அப்படி.

ஞாயிறு காலை ஸ்வீடன் நாட்டு ஓட்டுநர் யோ போனியே விபத்தில் இறந்தார். இத்தனை வருடம் காத்திருந்த பிரெஞ்சு வெற்றி அந்தத் துக்கத்தோடுதான் வந்தது. 344 சுற்று, 4,691 கிலோமீட்டர். செவேரும் கான்லியும் ஓட்டிய இன்னொரு மாத்ரா இரண்டாவது. மொனாக்கோ கிராண்ட் பிரி, இந்தியானாபொலிஸ் 500, லெ மான் மூன்றையும் ஜெயித்த ஒரே ஓட்டுநர் என்ற பெருமை ஹில்லுக்குக் கிடைத்தது. இன்றுவரை அதை வேறு யாரும் தொடவில்லை.

7. 1973, 1974 வெற்றிகள்?

இரண்டிலும் ஜோடி ஜெரார் லாருஸ். 1973-ல் பெராரி முழு பலத்தோடு வந்தது. இரவு முழுக்க மல்லுக்கட்டு, கடைசியில் மாத்ரா ஆறு சுற்று வித்தியாசத்தில் முதல்.

1974-ல் அதற்கு நேர்மாறு. நிறைய முன்னிலையில் இருந்தபோது கியர்பாக்ஸ் கோளாறு. அந்த கியர்பாக்ஸைச் செய்தது போர்ஷே. அப்போது துரத்திக்கொண்டு வந்ததும் ஒரு போர்ஷே! ஆனாலும் போர்ஷே ஆட்கள் மாத்ரா பிட்டுக்கு வந்து பழுதுபார்க்கக் கை கொடுத்தார்கள். மாத்ரா மறுபடி கிளம்பி ஜெயித்தது, போர்ஷே இரண்டாவது. போட்டியாளருக்கு இப்படி உதவியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அந்த வருட முடிவில் மாத்ரா பந்தயத்தை விட்டே விலகியது.

8. பார்முலா ஒன்னில் ஏன் பெரிதாக வரவில்லை?

கிடைத்த கார்கள் அப்படி. 1970-ல் மாத்ராவில் ஒரு முழு சீசன் ஓட்டினார், மொனாக்கோவில் மூன்றாவது. பார்முலா ஒன்னில் முதல் மூன்று இடத்துக்குள் வந்து அவர் மேடை ஏறியது அந்த ஒரு முறைதான். 1971-ல் அணி உரிமையாளர் பிராங்க் வில்லியம்ஸ் வாங்கி வைத்திருந்த, மார்ச் என்ற நிறுவனத்தின் காரில் ஓட்டினார். அந்த வருடம் மோன்சாவில் மிக வேகமான சுற்று அவருடையது. ஆனாலும் பந்தயத்தை முடிக்க முடியவில்லை.

1972 ஜூன் மாதம் லெ மான் வெற்றி. அடுத்த மாதமே பிரிட்டிஷ் கிராண்ட் பிரியில் வில்லியம்ஸ் முதன்முதலாகத் தானே செய்த பொலிடாய்ஸ் என்ற காரை பெஸ்கரோலோ ஓட்டினார். முதல் பந்தயத்திலேயே அது மோதி நொறுங்கியது. ஐந்து வாரத்துக்குள் இந்த உச்சமும் அந்தப் பள்ளமும். 1976-க்குப் பிறகு பார்முலா ஒன் பக்கம் அவர் போகவில்லை. நெடுநேரப் பந்தயத்துக்கு அது லாபம் என்றே நினைக்கிறேன்.

9. பத்து வருடம் கழித்து நாலாவது வெற்றி எப்படி வந்தது?

இடைப்பட்ட காலத்தில் இன்ஆல்தேரா, போர்ஷே, ரோந்தோ என்று பல கார்கள். 1980-ல் ஜான் ரோந்தோ தான் செய்த காரில் தானே ஓட்டி ஜெயித்தார். அதே அணியின் இன்னொரு கார்தான் பெஸ்கரோலோவுக்கு. முதல் இடத்திலிருந்து கிளம்பியும் அது கடைசிவரை தாங்கவில்லை.

1984-ல் எரிபொருள் விதி மாற்றத்தில் கோபப்பட்டு போர்ஷே நிறுவனம் தன் சொந்த அணியை அனுப்பவில்லை. தனியார் அணிகளுக்குக் கதவு திறந்தது. ஜெர்மனியின் யோஸ்ட் அணி போர்ஷே 956-ல் பெஸ்கரோலோவும் கிளாவுஸ் லுட்விக்கும். தொடக்கத்திலேயே பழுதாகி, கார் கடைசிப் பக்கம் போய்விட்டது. அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி வந்து ஜெயித்தார்கள். அப்போது அவருக்கு 41 வயது. அதே கார் அடுத்த வருடமும் ஜெயித்தது, ஆனால் வேறு ஓட்டுநர்களோடு.

10. லெ மான் தவிர வேறு வெற்றிகள்?

இருக்கின்றன. 1971-ல் ஆல்பா ரோமியோவில் பிராண்ட்ஸ் ஹாட்ச் 1000 கிலோமீட்டர். 1986-ல் மழையில் நடந்த நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர், மைக் தாக்வெல்லோடு சவுபர்-மெர்சிடிஸ் காரில். 1991-ல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரம், மறுபடியும் யோஸ்ட் அணியில்.

11. விமானமும் ஓட்டுவாராமே?

ஆமாம், ஹெலிகாப்டரும் ஓட்டுவார். 1938-ல் ஹோவர்ட் ஹியூஸ் லாக்ஹீட் விமானத்தில் 91 மணி நேரத்தில் உலகைச் சுற்றி வந்தார். 1987-ல் பெஸ்கரோலோ, பத்ரிக் பூர்திக் என்ற விமானியோடும் குழுவோடும் ஒரு பழைய லாக்ஹீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பி, 88 மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான நேரத்தில் சுற்றி முடித்தார். தூங்காமல் இருப்பது அவருக்குப் புதிதா என்ன!

12. ஓட்டுவதை நிறுத்திய பிறகு?

முதலில், நிறுத்துவதற்கு முன்பே லெ மானில் இளம் ஓட்டுநர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியை நடத்தினார். 2000-ல் சொந்த அணி, பெஸ்கரோலோ ஸ்போர்ட். முதல் வருடமே நாலாவது இடம். ஓட்டியவர்களில் ஒருவர் அந்த ஊர்ப் பையன் செபாஸ்தியன் பூர்தே.

2005-தான் நெஞ்சை அறுக்கும் வருடம். அவருடைய இரண்டு கார்களும் முதல் வரிசையில் நின்று கிளம்பின. ஜெர்மனியின் ஆடி நிறுவனக் கார்களை விட வேகம். ஆரம்ப மணி நேரங்களிலேயே ஒன்றுக்கு கியர்பாக்ஸ் கோளாறு, பிட்டில் நின்று நேரம் போனது. அப்புறம் இரவும் பகலும் துரத்தினார்கள். கொலார், பூலியோன், கோமாஸ் மூவரும் 368 சுற்று ஓட்டினார்கள். ஆடி 370. வெறும் இரண்டு சுற்று. 24 மணி நேரத்தில் அது ஏழெட்டு நிமிடக் கணக்கு.

2006-ல் மறுபடி இரண்டாவது, ஆடியின் புது டீசல் காருக்குப் பின்னால். அப்போது அவருக்காக ஓட்டியவர்களில் ராலி சாம்பியன் செபாஸ்தியன் லோப் ஒருவர். 2007-ல் மூன்றாவது. முன்னால் இருந்த இரண்டும் டீசல், ஒன்று ஆடி, ஒன்று பெஜோ. பெட்ரோல் கார்களில் இவருடையதுதான் முதல். அந்தப் பெரிய நிறுவனங்களின் பணத்துக்கு எதிரே இது ஒரு தனிமனிதர் நடத்திய அணி. அதை மனதில் வைத்துப் பார்த்தால் இந்த மூன்று வருடங்கள் எந்த வெற்றிக்கும் குறைந்தவை இல்லை.

13. அந்த அணி என்ன ஆனது?

பணம் தீர்ந்தது. 2010-ல் கடனில் மூழ்கி, சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. ஜோயல் ரிவியேர், ஜாக் நிகோலே என்ற இருவர் ஏலத்தில் எடுத்து, எடுத்ததை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 2011-ல் மறுபடி பந்தயத்துக்கு வந்து ஜெயிக்கவும் செய்தார். 2012 சரியாகப் போகவில்லை, 2013-ல் அணி ஒரேயடியாக மூடப்பட்டது.

14. 33 என்ற எண்ணை யாராவது தாண்டுவார்களா?

வெற்றிக் கணக்கில் அவரை விட மேலே ஆட்கள் இருக்கிறார்கள். டாம் கிறிஸ்டென்சன் 9, ஜாக்கி இக்ஸ் 6. ஆனால் 33-ஐத் தாண்டுவது கடினம். இருபது வயதில் ஆரம்பித்து ஒரு வருடம்கூட விடாமல் ஓட்டினாலும் ஐம்பத்து மூன்று வயது வரை யாராவது காரில் இடம் கொடுக்க வேண்டும். பெஸ்கரோலோ கடைசியாக ஓட்டியபோது வயது 56.

15. அவர் ஓட்டிய கார்களை இப்போது பார்க்க முடியுமா?

மாத்ரா கார்கள் பல பிரான்ஸின் ரோமொரான்தான் ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாத்ராவின் தொழிற்சாலை இருந்த ஊர் அது. லெ மான் மைதானத்தை ஒட்டியும் ஒரு அருங்காட்சியகம் உண்டு.

1972-ல் அவரும் ஹில்லும் ஜெயித்த அந்த எம்எஸ் 670 மட்டும் கைமாறிவிட்டது. தொழிற்சாலை மூடப்பட்டபோது வேலை இழந்தவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். அவர்களுக்கு இழப்பீடு கொடுப்பதற்காக லகார்தேர் குழுமம் 2021 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் அந்தக் காரை விற்றது. 69 லட்சம் யூரோவுக்குப் போனது.